கன்றுக்குட்டியிடம் சொன்னது

எங்கள் ஊரில் நல்லுசாமிக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இருந்ததில்லை. அவர் தெருவில் கால் வைத்தால் போதும், தோளில் கிடக்கும் துண்டெல்லாம் இடுப்புக்கு இறங்கும், பீடியெல்லாம் முதுகுக்குப் பின்னால் போகும், வாயெல்லாம் மூடிக்கொள்ளும். அவர் நாலு வீடு தாண்டிய பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கும். ஒரு மனுஷன் போகிற இடமெல்லாம் பேச்சு நின்றுபோனால் அவன் காதில் விழ என்னதான் மிச்சமிருக்கும்? இதை நாங்கள் ஒருத்தரும் யோசித்ததில்லை. மரியாதை செய்கிறோம் என்ற நினைப்பிலேயே வயிறு நிறைந்துபோனது எங்களுக்கு.

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வண்டிப்பாதையில் தெற்கே பிரிந்தால் எங்கள் ஊர். செம்மண் பூமி. வானம் பார்த்த புஞ்சை, நாங்கள் கொல்லை என்போம்; அதில் கடலை, கம்பு, சோளம். நல்லுசாமி வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. முன்னால் மாட்டுக்கொட்டகை, அதில் அவருடைய கயிற்றுக்கட்டில். உள்ளே நடை, அதைத் தாண்டி அடுப்படி. அந்த அடுப்படிக்குள்தான் அவர் மருமகள் அம்சவள்ளி ஆறு வருஷமாக இருந்தாள்.

ஆறு வருஷத்தில் அவள் மாமனாரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமனார் முன்னால் மருமகள் நிற்கக் கூடாது, முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் நாலு பிள்ளை பெற்றதும் அது தானாகத் தேய்ந்துவிடும். இங்கே பிள்ளையும் இல்லை, தேயவும் இல்லை. மாமியார் பாப்பாத்தி இருந்தவரை அவள் வாய் வழியாகப் பேச்சு போய் வந்துகொண்டிருந்தது. நாற்பத்து மூணாம் வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு பாப்பாத்தி போய்விட்டாள். தை மாசம் மகன் பழனிவேல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சிக்குப் போனவன், அப்படியே பர்மாப் பக்கம் போய்விட்டான். நாற்பத்து நாலாம் வருஷம் அது. வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர், பேசிக்கொள்ளக் கூடாத இரண்டு பேர்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொட்டகையில் ஒரு செவலைக் கன்று கட்டியிருந்தது. அம்சவள்ளி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதனிடம் சொல்லுவாள்.

"ஏ செவலை, வெந்நி காஞ்சிருச்சுன்னு சொல்லு."

நல்லுசாமி கட்டிலில் இருந்தபடியே கன்றின் காதைத் தடவிக்கொண்டு பதில் சொல்லுவார்.

"வரேன்னு சொல்லுடா செவலை. மேலக்கொல்லைக்கு நாளைக்குக் களை வெட்ட ஆளு வருது, நாலு பேருக்குக் கூழு கரைக்கணும்னும் சொல்லிப்புடு."

கன்று ஒன்றும் சொல்லாது. ஆனால் மறுநாள் நாலு பேருக்குக் கூழ் தயாராக இருக்கும். எதிர்வீட்டிலிருந்து இதைக் கேட்டுக்கேட்டு என் சம்சாரம் பஞ்சவர்ணம் சிரிப்பாள். "ஊருக்கே நாயம் சொல்ற பெரிய மனுசன், வூட்டுல கன்னுக்குட்டியக் கணக்கப்புள்ளயா வெச்சிருக்காரு" என்பாள்.

சோற்றுக்கு மட்டும் கன்று வேண்டாம். அதற்கு மாமியார் காலத்திலிருந்தே ஒரு முறை இருந்தது. நடையில் மனைப்பலகை போட்டு, கும்பாவில் சோற்றை வைத்து மூடி, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்து, கரண்டியால் செம்பின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட வேண்டும். அந்த வெண்கலச் சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்கும். அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போவார். சத்தம் கேட்காமல் ஒருநாளும் போகமாட்டார். பசித்தது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பழனிவேலிடமிருந்து மாசம் ஒரு கடுதாசி வரும். அஞ்சாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் நான்தான் போய்ப் படித்துக் காட்டுவேன். அம்சவள்ளி கதவுக்குப் பின்னால் நிற்பாள். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல் என்று தொடங்கும். முடிவில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும், அவருடைய மரியாதைக்கு ஒரு குறைவும் வராமல் பார்த்துக்கொள்ளவும். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லுவாள். தனக்கென்று ஒரு வரியும் இல்லையே என்று அவள் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரன் படிக்கிற கடுதாசியில் புருஷன் என்னத்தை எழுதிவிட முடியும்?

ஐப்பசியில் பாப்பாத்தியின் தெவசம் வந்தது. யுத்தத்தால் தானியத்துக்கெல்லாம் கண்ட்ரோல் வந்த காலம். அரிசிக்கு அலைந்தும் கிடைக்கவில்லை. அம்சவள்ளி சோளத்தைக் குத்திச் சோறாக்கிப் படைத்தாள். அன்றைக்கு நல்லுசாமி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். பெண்டாட்டி நினைப்பு வந்திருக்கும், வேறென்ன. அம்சவள்ளி அப்படி நினைக்கவில்லை. செத்துப்போன மாமியாருக்கு நெல்லுச்சோறு படைக்கத் துப்பில்லாதவள் என்று மாமா நினைத்துவிட்டார் என்று அவள் மனசில் தைத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் எல்லாம் தொடங்கியது. செவலையிடம் அவள் சொன்னதற்குப் பதில் வரவில்லை. "வெந்நி காஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றாள். கொட்டகை சும்மா இருந்தது. "கடலைக்கொல்லயில நரி எறங்குதாம், சொல்லு" என்றாள், அதற்கும் இல்லை. செம்பைத் தட்டினாள், அவர் வரவில்லை. மூடி வைத்த சோறு சாயங்காலம்வரை நடையில் இருந்து விறைத்துப்போனது. மறுநாள் வந்து சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் காலையும் இல்லை, மத்தியானமும் இல்லை. மூன்று வேளைக்கு ஒருவேளை, தண்ணீர் குடிக்க உள்ளே போனால் கும்பாவைத் திறந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். எங்கள் வீட்டில் தூங்குகிற பிள்ளை எழுந்து அழுகிற அளவுக்குத் தட்டினாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் தெருவைப் பார்த்தபடியே இருந்தார். அவர் சாப்பிடாத நாளில் அவளும் சாப்பிடவில்லை. பெரியவர் சாப்பிடாமல் அடுப்படியில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதுவும் வழக்கம்தான்.

இதற்கு முந்தின மாசம் நடந்த என் கதை ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. புரட்டாசியில் எனக்கும் என் பங்காளி செல்லப்பனுக்கும் வரப்புத் தகராறு. ஊர் கூடியது. நல்லுசாமியை நடுவில் உட்காரவைத்தோம். செல்லப்பன் அரைமணி நேரம் கத்தினான். பிறகு நான் எழுந்து கைகட்டி நின்று, "பெரியவரே, வரப்பு எம்பக்கந்தான, நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். ஊரே அடங்கியது. "வாயத் தொறக்காமலே தீர்ப்புச் சொல்லிப்புட்டாருய்யா" என்று பேசிக்கொண்டு கலைந்தோம். அவர் அன்றைக்குச் செல்லப்பன் பேசும்போதும் அப்படியேதான் தலையாட்டினார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆதாயம் வரும்போது ஞாபகத்தை யார் வெளியே எடுக்கிறார்கள்?

கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் அம்சவள்ளி கொல்லைப்புற வேலியோரம் நின்று பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டாளாம். கன்னம் ஒட்டிக் கிடந்ததாம்.

"அக்கா, மாமாவுக்கு எம்மேல என்ன கோவம்னு தெரியல. அண்ணன விட்டுக் கொஞ்சம் கேக்கச் சொல்லுங்களேன். நான் போயி கேக்க முடியுங்களா?"

நான் போனேன். கட்டிலுக்கு எதிரே நின்று, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டேன். பெரியவர்களிடம் குரலை உயர்த்தலாமா?

"மருமவ மேல எதுனா வருத்தங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சோத்துல கீத்துல கொறையா?"

அதற்கும் ஆட்டினார். நான் திரும்பி வந்து பஞ்சவர்ணத்திடம், "ஆமாம்னு சொல்லிட்டாரு" என்றேன். அவள் வேலியோரம் போய்ச் சொன்னதும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாளாம். அந்தப் பாவத்தைக் கட்டிக்கொண்டவன் நான்தான்.

கடலை அறுவடை வந்தது. செடியைப் பிடுங்கிக் குவித்துவைத்து, பெண்டுகள் வட்டமாகக் குந்திக் காய் ஆய்கிற வேலை. ஈரமண் வாசனையும் பச்சைக்கடலை வாசனையுமாக ஊரே மணக்கும். வாய் சும்மா இருக்காது, கை ஆயும், வாய் ஊர்க்கதையை ஆயும். அன்றைக்குச் செல்லப்பன் கொல்லையில் பஞ்சவர்ணம் ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்லுசாமி வரப்பில் வந்தவர், குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து, மண்ணைக்கூட உதறாமல் காயைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாராம். தன் வாழ்நாளில் அடுத்தவன் கொல்லையில் ஒரு காய் தொடாத மனுஷர்.

பெண்டுகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? "புருசன் இல்லாத தைரியம், கெழவனப் பட்டினி போடுறா" என்றாள் ஒருத்தி. "தான் மட்டும் ஆக்கித் தின்னுவா" என்றாள் இன்னொருத்தி. என் பெண்டாட்டிக்கு அவள் ஒட்டிய கன்னம் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தாள். அந்த வாரச் சந்தைக்குள் கதை கைகால் முளைத்து ஜெயங்கொண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் நல்லுசாமியின் மகள் செல்வம்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் செல்வம்மாள் வில்வண்டியோடு வந்து இறங்கினாள். தூறல் விட்டிருந்தது. இறங்கும்போதே தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல்.

"எங்கப்பனுக்கு ஒரு வாயி சோறு போட ஒனக்குக் கை வரலயாடி? எந்தம்பி உசிரப் பணயம் வெச்சி அங்க கெடக்கான். இங்க அவனப் பெத்தவரு அடுத்தவன் கொல்லயில பொறுக்கித் திங்கிறாரு!"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்சவள்ளியின் குரல் மெலிசாக வந்தது. "அண்ணி, நாளு தவறாம ஆக்கித்தான் வெக்கிறேன். மாமாதான் சாப்புட வரமாட்டேங்கறாங்க."

"பொய்யா சொல்ற? அவரையே கேட்டுப்புடுறேன்." செல்வம்மாள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். ஊர் கூடிவிட்டது. "அப்பா, ஊரு முன்னால சொல்லுங்க. இவ ஒங்களுக்குச் சோறு போடறதில்லதான?"

நல்லுசாமி மகள் முகத்தைப் பார்த்தார். கூடியிருந்த எங்களைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

கூட்டத்தில் ஒரு 'ச்சூ' எழுந்தது. "அப்பறம் என்னத்தக் கேக்கறது? கௌம்புங்க எங்கூட" என்று செல்வம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்தார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறுவதற்கு முன் வீட்டு நிலையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏறி, வண்டியின் பின்பக்கம் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

இனி அவ்வளவுதான். அவர் போய்விட்டால் அம்சவள்ளி இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. மாமனாரைப் பட்டினி போட்டு விரட்டியவள் என்ற பேர் பர்மாவரைக்கும் போகும். அந்தக் கடுதாசியையும் யாராவது எழுதுவார்கள். நானேகூட எழுதியிருப்பேன்.

அப்போது கொட்டகையில் செவலை கத்தியது. புது மாடுகளைக் கண்டு மிரண்டு, கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றிக் கயிறு கழுத்தை நெரித்துவிட்டது. உயிர் போகிற கத்தல். கூட்டம் முழுக்கத் திரும்பியது. செல்வம்மாள்கூடத் திட்டுவதை நிறுத்தினாள். நான் ஓடிப்போய்க் கயிற்றை அறுத்துவிட்டேன்.

திரும்பாதவர் ஒருத்தர்தான். கன்று அவருக்கு முதுகுப்பக்கம் பத்தடி தூரத்தில் கத்தியது. அது காதை ஆட்டினாலே எழுந்து உட்காருகிற மனுஷர், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உறைத்தது. வெந்நீருக்குப் பதில் வராதது, செம்புச் சத்தத்துக்கு வராதது, தலையாட்டல் எல்லாம் ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்து 'மாமாவுக்குக் காது கேக்கல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி போயிருக்கும். அவள் சொல்லவில்லை. பிறகு பஞ்சவர்ணம் இதைக் கேட்டபோது, "சொல்லியிருந்தா எம்பேரு நின்னிருக்கும் அக்கா. அவங்க பேரு? இத்தினி நாளா அவங்க யாருக்கும் தெரியாம மறைச்சி வெச்சத நான் தெருவுல போட்டு ஒடைக்கிறதா?" என்றாளாம்.

அவள் உள்ளே போனாள். கும்பா நிறையச் சோளச்சோறும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு, கக்கத்தில் செம்பும் கையில் கரண்டியுமாக வெளியே வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தெரு பார்க்க அந்த நிலையைத் தாண்டி, நேராக வண்டிக்குப் பின்னால் போய், மாமனார் முகத்துக்கு நேரே நின்றாள். குனியவில்லை. கும்பாவை அவர் பக்கத்தில் வண்டி விளிம்பில் வைத்துவிட்டு, செம்பை அவர் கண்ணுக்கு எதிரே பிடித்துக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினாள்.

"அடிப்பாவி! மாமனாரு மூஞ்சிக்கு நேரா, நாயக் கூப்புடற மாதிரி தட்டுறாளே!" என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள்.

அம்சவள்ளி மறுபடி தட்டினாள். அந்தச் சத்தம் தெருமுழுக்கக் கேட்டது. நல்லுசாமி கரண்டியைப் பார்த்தார். அது செம்பில் படுவதைப் பார்த்தார். கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் சத்தம் வந்த திசையில் பார்ப்பதைப் பார்த்தார்.

"தட்டிக்கிட்டேதான் இருந்தியா தாயி?"

குரல் எக்கச்சக்கமாகப் பெரிதாக வந்தது. தன் குரல் எவ்வளவு என்று தெரியாதவரின் குரல். ஆறு வருஷத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கண்ணீர் கும்பாவிலேயே விழுந்தது.

"அப்பா, என்ன இது..." என்று செல்வம்மாள் தொடங்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து அதே பெரிய குரலில் சொன்னார்.

"எனக்குக் காது போயிருச்சு. ஆடிக் காத்துல மந்தமாச்சு, ஐப்பசியில பேச்சு சுத்தமா நின்னுபோச்சு, வெங்கலச் சத்தமாச்சும் காதுல வுழும்னு இருந்துட்டேன். எவங்கிட்டயும் சொல்லல. சொன்னா செவிட்டுப்பய நாயத்துல குந்தியிருக்கான்னு சிரிப்பீங்க. கண்ட்ரோல் காலம், குதிருல தானியம் இல்ல போலருக்கு, அதான் புள்ள தட்டலன்னு நான் நெனச்சிக்கிட்டேன். கூப்புடாத சோத்துக்கு எப்புடிப் போயி குந்துறது? தண்ணி குடிக்கப் போறப்பக் கண்ணுல பட்டாத் தின்னேன். நீங்க கேட்டதுக்கெல்லாம் சும்மா தலைய ஆட்டுனன். எதுக்கு ஆட்டுனன்னு எனக்குத் தெரியாது. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

செல்லப்பன் என்னைப் பார்த்தான். நான் செவலையைப் பார்த்தேன்.

நல்லுசாமி வண்டியிலிருந்து தானாக இறங்கினார். கால் கழுவிக்கொண்டு நடையில் மனைப்பலகையில் போய் உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்சவள்ளி அவர் எதிரிலேயே நின்றாள். செல்வம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறும் வண்டியோடு போனாள்.

அவர் பயந்தது சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாசத்துக்குள் பேர் செவிட்டு நல்லுசாமி என்றாகிவிட்டது. முன்பு அவர் வந்தால் பேச்சு நிற்கும். இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவரைப் பற்றியே பேசுகிறார்கள். துண்டு தோளிலேயே கிடக்கிறது. வரப்பு விஷயத்தை மறுபடி பேசலாம் என்று செல்லப்பன் வந்தான். பெரியவர் தீர்ப்பு தீர்ப்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருடைய மரியாதையைக் காப்பாற்ற ஊரில் மிஞ்சியிருந்தவன் நான் ஒருத்தன்தான்!

மூன்று வேளையும் அம்சவள்ளி கொட்டகைக்கே வந்து அவர் எதிரில் நிற்கிறாள். அவர் பார்க்கும்வரை நிற்பாள். பார்த்ததும் செம்பை இரண்டு தட்டு தட்டுவாள். இப்போது அதற்கு அவசியமில்லை, இருந்தாலும் தட்டுவாள்.

தை மாசத்தோடு கடுதாசி நின்றுபோனது. மாசியும் போய்ப் பங்குனி வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளவும் என்ற வரியைப் படிக்கக்கூட எனக்கு வேலை இல்லை. தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் அவள் நிலையில் வந்து நிற்பாள். அவர் தாண்டிப் போனதும் உள்ளே போய்விடுவாள். யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டால் வாயில் அபசகுனமான வார்த்தை வந்துவிடும் என்று பயம்.

நேற்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். நல்லுசாமி கட்டிலில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் நின்று செவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். நான் என் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். அவள் மறைக்காமல், நல்ல குரலிலேயே கேட்டாள்.

"ஏ செவலை, பட்டாளத்துக்குப் போனவங்க உசுரோட திரும்பி வருவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

நல்லுசாமி நிமிர்ந்து அவள் வாய் அசைவதைப் பார்த்தார். கும்பாவை இறக்கி வைத்துவிட்டுக் கன்றின் காதைத் தடவிக்கொடுத்தார்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லுடா செவலை" என்றார்.

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, வெறுங்கும்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.